வடசென்னையில் ஒரே ஒரு ஜன்னல்: எந்த ஆர்க்கிட் வாங்கலாம்?

தண்டையார்பேட்டையில் இரண்டாம் மாடி, ஒரு படுக்கையறை வீடு. கிழக்குப் பார்த்த ஜன்னல் ஒன்று, துணி காயப்போடும் நாலடி பால்கனி ஒன்று. போன வருடம் ஆசையாக வாங்கிய ஊதா ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட் இரண்டே மாதத்தில் நடுக்குருத்து அழுகிப் போய்விட்டது. இந்த இடத்தில் எந்த ஆர்க்கிட் பிழைக்கும், மறுபடி பணம் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போடலாம். நான் ராயபுரத்தில், ஏறக்குறைய உங்கள் வீடு அளவுள்ள வீட்டில், பதினாறு வருடமாக ஆர்க்கிட் வளர்க்கிறேன். இன்றைக்குப் பதினொரு தொட்டிகள் இருக்கின்றன. அதில் ஒன்பது, வருடம் தவறாமல் பூக்கிறது. அதனால் படித்ததைவிடப் பார்த்ததையே அதிகம் சொல்கிறேன்.

நம் ஊர் வெயில்தான் ஆர்க்கிட்டைக் கொல்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஆர்க்கிட் குடும்பத்தில் 25,000 இனங்களுக்கு மேல் உண்டு. மேகம் தவழும் மலைக்காட்டில் வளர்வதும் இருக்கிறது, கடலோர அலையாத்தி மரத்தில் ஒட்டிக்கொண்டு வளர்வதும் இருக்கிறது. நமக்கு இல்லாதது குளிர்ந்த இரவு. மே மாதம் சென்னையில் பகல் 37, 38 டிகிரி என்றால் விடியற்காலையில்கூட 27, 28க்குக் கீழே பெரும்பாலும் இறங்காது. ஜனவரியில்தான் இரவு 20, 21 வரை போகும். நம் பக்கம் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். பகலில் குடித்த சூட்டை மொட்டைமாடியும் சுவரும் இரவு முழுக்கக் கக்கிக்கொண்டே இருக்கும். பகல் சூட்டைத் தாங்கும் ஆர்க்கிட்கள் நிறைய. ஆனால் இரவு 12, 15 டிகிரிக்கு இறங்கினால்தான் பூப்பேன் என்கிற வகைகளை நாம் என்ன செய்தாலும் பூக்க வைக்க முடியாது. எனவே கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இதற்குக் குளிர்ந்த இரவு வேண்டுமா என்பதுதான்.

இதனால்தான் ஏற்காடு, ஊட்டி போய் வருகிறவர்கள் ஆசையாகத் தூக்கி வரும் செடிகள் இங்கே வந்து துவண்டு போகின்றன. ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. அவசியம் போய்ப் பாருங்கள், கண்ணுக்கு அவ்வளவு விருந்து. ஆனால் அந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்தக் காற்றுக்குப் பழகிய செடியை மலையடிவாரம் தாண்டிக் கொண்டுவர வேண்டாம்.

சரி, இப்போது உங்கள் ஜன்னல். செடி வாங்கும் முன் ஒரு வாரம் அதைக் கவனியுங்கள். எத்தனை மணிக்கு வெயில் உள்ளே விழுகிறது, எத்தனை மணிக்கு எதிர்வீட்டுச் சுவர் மறைக்கிறது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். கிழக்கு ஜன்னல் பெரிய வரம். காலை ஏழிலிருந்து ஒன்பதரை வரை விழும் இளவெயில் பெரும்பாலான ஆர்க்கிட்களுக்குப் போதும். மேற்கு ஜன்னல் என்றால் இரண்டு மணிக்கு மேல் இலை வெந்துவிடும், பச்சை நிழல்வலை கட்ட வேண்டியிருக்கும். வடக்கு, தெற்கு ஜன்னல்களைப் பற்றி வெளிநாட்டுப் புத்தகங்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். சென்னை 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்து நிற்கும், மற்ற மாதங்களில் தெற்கே. அதனால் நம் வடக்கு ஜன்னலுக்குக் கோடையில் நல்ல வெளிச்சம் வரும், கார்த்திகை மார்கழியில் தெற்கு ஜன்னலுக்குள் வெயில் நீளமாக நுழையும். என் ஃபெலனாப்சிஸ் தொட்டிகளை வருடத்துக்கு இரண்டு முறை இடம் மாற்றுகிறேன், இந்த ஒரு காரணத்துக்காக.

வெளிச்சத்தை அளக்கத் தனிக் கருவி வேண்டாம். போனில் லக்ஸ் அளக்கும் செயலி இருக்கிறது, ஓரளவுக்குச் சரியாகவே காட்டும். ஃபெலனாப்சிஸுக்கு 10,000 முதல் 15,000 லக்ஸ், டென்ட்ரோபியத்துக்கு 20,000க்கு மேல், லுடிசியாவுக்கு 5,000 போதும் (இந்த வகைகளைப் பற்றிக் கீழே சொல்கிறேன்). ஜன்னலிலிருந்து நாலடி தள்ளி அளந்து பாருங்கள், பல வீடுகளில் ஆயிரத்தைக்கூடத் தொடாது. நம் கண் அதை நல்ல வெளிச்சம் என்று சொல்லும், செடி பட்டினி கிடக்கும். இன்னொன்று, கொசுவலை. நம் பகுதியில் வலை அடிக்காத ஜன்னல் கிடையாது. அந்த வலையில் லாரிப் புழுதியும் கரியும் ஏறி ஒரு வருடத்தில் திரைச்சீலை மாதிரி ஆகிவிடும். வலையைக் கழற்றிக் கழுவிவிட்டு மறுபடி அளந்தால் வித்தியாசம் தெரியும்.

இனி செடிகள். உங்களுக்கு முதலில் சொல்வது டென்ட்ரோபியம். அதிலும் கடைக்காரர்கள் டென்-ஃபெல் என்று சொல்லும் வகை. இவற்றின் மூதாதைகளில் முக்கியமானது வட ஆஸ்திரேலியாவின் சூடான பகுதியில் வளரும் ஒரு டென்ட்ரோபியம். அதனால் நம் சூடு இவற்றுக்குப் பழக்கமானது. கோயம்பேட்டில் கல்யாண மேடை அலங்காரத்துக்குக் கொத்துக்கொத்தாக வருமே, ஊதாவும் வெள்ளையும் கலந்த பூ, அது பெரும்பாலும் இந்தக் குடும்பத்தின் சோனியா ரகம். வெள்ளையில் எம்மா ஒயிட். இரண்டும் இரண்டடிக்கு மேல் உயர்ந்துவிடும், பால்கனிக்குச் சரி, ஜன்னல் திட்டுக்குச் சரிவராது. ஜன்னலுக்குக் குட்டை ரகம் என்று கேட்டு வாங்குங்கள். ஒரு அடிக்குள் நிற்கும், நாலு அங்குலத் தொட்டியில் பல வருடம் இருக்கும். பூ ஒரு மாதத்துக்கு மேல் வாடாமல் நிற்கும்.

டென்ட்ரோபியத்தில் புதியவர்கள் செய்கிற தவறு ஒன்றுண்டு. பூத்து முடித்து இலை உதிர்ந்த பழைய தண்டைக் காய்ந்த குச்சி என்று நினைத்து வெட்டிவிடுவார்கள். வெட்டாதீர்கள். அந்தத் தண்டுதான் செடியின் சேமிப்பு. தண்ணீரும் சத்தும் அதில்தான் இருக்கும், அடுத்த வருடம் அதன் நுனியிலிருந்தே மறுபடி பூக்காம்பு வரும். முழுக்கப் பழுப்பாகி விரலால் அழுத்தினால் பொக்கென்று உள்ளே போகும்போது மட்டும் எடுத்துவிடலாம். இந்தச் சேமிப்பினால்தான் இந்தச் செடி நமக்குத் தோது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் தண்ணீர் நின்றது, நாங்கள் அண்ணன் வீட்டுக்குப் போய் எட்டு நாள் கழித்துத்தான் திரும்பினோம். டென்ட்ரோபியம் ஒன்றுகூடப் போகவில்லை.

ஆனால் பெயரில் ஏமாற வேண்டாம். டென்ட்ரோபியம் நோபிலி என்றொரு வகை இருக்கிறது. தண்டு முழுக்கக் கணுவுக்குக் கணு பூ பிடிக்கும், படத்தில் பார்த்தால் மனசு அள்ளும். அது குளிர்காலத்துக் குளிர் கேட்கும் இமயமலைச் செடி. இங்கே குட்டிச்செடி போட்டுக்கொண்டே இருக்கும், பூ வராது.

இரண்டாவது, எனக்கு மிகவும் பிடித்தது: பிராசவோலா நோடோசா. மெக்சிகோவிலிருந்து தென் அமெரிக்காவின் வடகோடி வரை, கடலோரப் பாறையிலும் அலையாத்தி மரங்களிலும் வளரும் செடி. லின்னேயஸ் 1753லேயே இதற்கு வேறொரு பெயர் வைத்து விவரித்திருக்கிறார். நம் வீடுகளில் ஜன்னல் கிரில் துருப்பிடிப்பதே உப்புக்காற்றால்தான். அந்தக் காற்றைப் பிறந்த இடத்திலேயே பார்த்த செடி இது. இலை பென்சில் மாதிரி உருண்டு நீண்டிருக்கும், அதனால் அதிக வெயிலும் தாங்கும், அதிகம் இடமும் அடைக்காது. பூ வெள்ளை, நடு இதழ் இதய வடிவில் இருக்கும். பகலில் மோந்து பார்த்தால் ஒன்றுமே இருக்காது. இருட்டியதும் மணக்கத் தொடங்கும், ஏனென்றால் இதன் மகரந்தத்தைக் கொண்டுபோவது இரவில் பறக்கும் அந்துப்பூச்சி. எலுமிச்சைப் பூவும் மல்லியும் கலந்தது போன்ற மணம். என் மகள் பிளஸ் டூ படிக்கும்போது, இது பூத்திருக்கும் இரவுகளில் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஜன்னலடிக்கு வந்து உட்கார்ந்துவிடுவாள். உங்கள் ஜன்னல் கிரில்லில் ஒரு சின்ன மரக்கூடையில் தொங்கவிட்டால் போதும். சாதாரண நர்சரியில் கிடைப்பது கஷ்டம். கேரளத்தில் ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் நிறைய, அங்கிருந்து வரவழைக்கலாம். தேடி வாங்கத் தகுந்தது.

மூன்றாவது, வெளிச்சம் குறைந்த மூலைக்கு லுடிசியா. இதைப் பூவுக்காக வளர்ப்பதில்லை, இலைக்காக. கருஞ்சிவப்பு வெல்வெட்டில் செம்புக் கம்பியால் கோடு போட்ட மாதிரி இருக்கும். தரையில் வளரும் வகை என்பதால் தேங்காய் நார்த்தூளும் மட்கிய இலையும் கலந்த கலவையில், ஈரம் முழுக்கக் காயாமல் வைக்க வேண்டும். தண்டைக் கிள்ளி வைத்தாலே வேர் பிடிக்கும். ஒன்று வாங்கினால் அடுத்த வருடம் தெருவுக்கே கொடுக்கலாம்.

ஃபெலனாப்சிஸ் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, உங்கள் கதை அதில்தானே தொடங்கியது. அது மோசமான செடி இல்லை. வெளிச்சம் குறைவாகக் கேட்கும், உயரம் குறைவு, பூ இரண்டு மூன்று மாதம் நிற்கும். சின்ன வீட்டுக்கு எல்லாப் பொருத்தமும் உண்டு, ஒன்றைத் தவிர. மறுபடி பூக்காம்பு விட, சில வாரங்கள் தொடர்ந்து 25 டிகிரியை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருக்க வேண்டும். தொடர்ந்து 28க்கு மேல் என்றால் இலைதான் வைத்துக்கொண்டே போகும். படுக்கையறையில் இரவு ஏசி ஓடுகிற வீடு என்றால், கார்த்திகையிலிருந்து தை வரை அந்த அறை ஜன்னலிலேயே வையுங்கள், ஏசிக் காற்று நேரே முகத்தில் அடிக்காமல். நான் அப்படித்தான் பூக்க வைக்கிறேன். ஏசி இல்லாத வீட்டில் இதை முதல் செடியாக வாங்கச் சொல்ல மாட்டேன்.

உங்கள் செடி ஏன் அழுகியது? குருத்தில் தண்ணீர் தேங்கியிருக்கும். அல்லது தொட்டியைப் பிரித்துப் பார்த்தால் வேருக்கு நடுவில் இறுக்கமாக ஒரு பாசி உருண்டை இருந்திருக்கும். நாற்றங்காலில் வைத்த ஸ்பேக்னம் பாசி அது. மேலே காய்ந்தது போலத் தெரியும், உள்ளே வாரக்கணக்கில் சொதசொதவென்றே இருக்கும். நான் முதன்முதலில் வாங்கிய இரண்டு ஃபெலனாப்சிஸும் அப்படித்தான் போயின. விற்றவர் அதைச் சொல்லவில்லை, எனக்கும் பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை. பூ முடிந்ததும் அந்தப் பாசியை முழுக்க எடுத்துவிட்டு வேறு கலவையில் வைப்பது முதல் வேலை. இலைக்கு நடுவில் தண்ணீர் நின்றால் டிஷ்யூ பேப்பர் நுனியால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.

டொலும்னியா என்று கரீபியன் தீவுகளிலிருந்து வந்த குட்டிச்செடி ஒன்று உண்டு. உள்ளங்கை அளவுதான், விசிறி போல இலை. நல்ல வெளிச்சமும், ஊற்றிய தண்ணீர் சீக்கிரம் காய்வதும் வேண்டும். கிடைத்தால் எடுங்கள். ஆன்சிடியம் மஞ்சள் பூ அழகுதான், ஆனால் பக்கவாட்டில் பரவி ஜன்னலை அடைத்துக்கொள்ளும். சிம்பிடியம் வேண்டாம், குளிர் கேட்கும். மொக்காரா முழு வெயிலில் ஆளுயரம் வளரும் மொட்டைமாடிச் செடி.

வாண்டாவைப் பலர் கேட்கிறார்கள். பெரிய வாண்டாக்கள் மூன்றடி நீளத்துக்கு வேரைத் தொங்கவிடும், கோடையில் தினமும் நனைக்க வேண்டும், வீட்டுக்குள் தரையெல்லாம் தண்ணீர். ஆனால் நம் சமவெளிக்கே உரிய வாண்டா ஒன்று இருக்கிறது, வாண்டா டெசலேட்டா. தமிழ்நாட்டு ஊர்ப்புறங்களில் மா, புளி மரங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும். மஞ்சளில் பழுப்புக் கட்டம் போட்ட இதழ், நல்ல வாசனை. மதராஸில் கம்பெனி மருத்துவராக வேலைக்குச் சேர்ந்த வில்லியம் ராக்ஸ்பர்க் 1795ல் இதை விவரித்தார். பால்கனிக் கம்பியில் அழகாக வளரும். ஒரே ஒரு வேண்டுகோள்: மரத்திலிருந்து பிய்த்து வந்து விற்பவர்களிடம் வாங்காதீர்கள். பிய்த்த செடியில் பாதி பிழைப்பதில்லை, காட்டிலும் அது குறைந்துகொண்டே போகிறது. நர்சரியில் வளர்த்ததா என்று கேட்டு வாங்குங்கள்.

எத்தனை தொட்டி வைக்கலாம்? மூன்றடி ஜன்னலுக்கு ஆறு, அதற்கு மேல் வேண்டாம். இலையோடு இலை உரசினால் காற்றுப் போகாது, ஐப்பசி மழையில் ஒரு செடிக்கு வந்த அழுகல் எல்லாவற்றுக்கும் போகும். இடம் பற்றாவிட்டால் ஷெல்ஃபின் கீழ்த்தட்டில் 20 வாட் எல்.இ.டி. டியூப் இரண்டை, இலைக்கு மேலே முக்காலடி உயரத்தில் மாட்டலாம். 6500 கெல்வின் என்று அட்டையில் போட்டிருக்கும் சாதாரண வெள்ளை டியூப்பே போதும். பன்னிரண்டு மணி நேரம் எரிந்தால் இரண்டு மாத பில்லில் சுமார் 29 யூனிட் ஆகும். லுடிசியாவும் குட்டி ஃபெலனாப்சிஸும் இதில் வளரும், டென்ட்ரோபியத்துக்கு இந்த வெளிச்சம் பற்றாது. கொளத்தூர் மீன் கடைகளில் விற்கும் தொட்டி விளக்குகளையும் சிலர் மாட்டுகிறார்கள். ஊதா நிறத்தில் எரிவதை விட்டு வெள்ளையில் எரிவதை எடுங்கள், அப்போதுதான் இலையில் நோய் வந்தால் கண்ணுக்குத் தெரியும்.

வாங்கும்போது பூவை மறந்துவிட்டு வேரைப் பாருங்கள். கெட்டியாக, காய்ந்தால் வெள்ளி நிறமாக, நனைந்தால் பச்சையாக மாற வேண்டும். பழுப்பாகக் குழைந்திருந்தால் எவ்வளவு பூத்திருந்தாலும் வேண்டாம். ஆய்வகத்தில் வளர்த்தெடுத்த டிஷ்யூ கல்ச்சர் நாற்று மலிவு, ஆனால் பூக்க இரண்டு மூன்று வருடம் காத்திருக்க வேண்டும். முதல் செடிக்கு ஒரு முறையாவது பூத்த காம்பின் தழும்பு இருக்கிற செடியே நல்லது. பளீரென்ற நீல நிற ஃபெலனாப்சிஸ் சாயம் ஏற்றியது, அடுத்த முறை வெள்ளையாகத்தான் பூக்கும். பாக்கெட்டில் ஆர்க்கிட் விதை என்று விற்பதை வாங்கவே வாங்காதீர்கள். ஆர்க்கிட் விதை தூசி மாதிரி இருக்கும், முளைக்கத் தேவையான உணவு அதற்குள் கிடையாது. இயற்கையில் ஒரு பூஞ்சையின் துணையோடு முளைக்கும். பூஞ்சை இல்லாமல் சர்க்கரை கலந்த ஊடகத்தில் முளைக்க வைக்கும் முறையை லூயிஸ் நட்சன் என்பவர் 1922ல் காட்டினார், இன்றும் அது ஆய்வகத்து வேலைதான்.

மண் ஒரு பிடிகூட வேண்டாம். பக்கவாட்டில் ஓட்டை உள்ள மண் தொட்டி, அதில் அடுப்புக்கரித் துண்டும் உடைந்த ஓட்டுத் துண்டும் பாதிக்கு மேல், கொஞ்சம் தேங்காய் மட்டைத் துண்டு. மட்டையை இளநீர்க் கடையில் சும்மாவே கொடுப்பார்கள். ஒரு வாரம் ஊறவைத்து, தினமும் தண்ணீரை மாற்றி, கறையும் உப்பும் போன பிறகு போடுங்கள்.

தண்ணீர்தான் நம் பகுதியில் பெரிய சிக்கல், வெயிலைவிட. கடலோரத் தெருக்களில் போர் தண்ணீர் உப்பு. ஊற்றினால் தொட்டியில் வெள்ளை படியும், வேர் நுனி கருகும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கி அளந்து பாருங்கள். 200க்குக் கீழே என்றால் நல்லது, 500 தாண்டினால் ஊற்றாதீர்கள். ஆர்.ஓ. மிஷினிலிருந்து கழிவாக வருவதில் உப்பு இன்னும் அதிகம், அதை விட்டுவிடுங்கள். மெட்ரோ வாட்டரை ஒரு இரவு திறந்து வைத்து ஊற்றலாம். மழைத் தண்ணீருக்கு ஈடு எதுவும் இல்லை. வடகிழக்குப் பருவமழையில் ஒரு டிரம் பிடித்து, கொசு புகாமல் துணி கட்டி மூடி வையுங்கள். அது தீர்ந்தால் குடிக்க வாங்கும் கேன் தண்ணீரில் ஒரு லிட்டர் ஒதுக்குங்கள், ஆறு தொட்டிக்கு அது போதும். 19:19:19 உரம் லிட்டருக்கு அரை கிராம், வாரம் ஒரு முறை. மாதம் ஒரு முறை வெறும் தண்ணீரால் நன்றாக அலசி விடுங்கள்.

நம் வீட்டுப் பழக்கங்களும் செடிக்குத் தெரியும். செவ்வாய் வெள்ளி சாம்பிராணி போடுகிற வீடு என்றால் மொட்டு விட்ட செடியை அந்த அறையில் வைக்காதீர்கள். புகையிலும், பழுக்கும் வாழைப்பழத்திலும் எத்திலீன் வாயு இருக்கிறது. மொட்டு மஞ்சளாகி ஒவ்வொன்றாக உதிரும். பால்கனியில் துணிக்கு நேர் கீழே தொட்டி இருந்தால் சோப்புத் தண்ணீர் சொட்டும். எண்ணூர், மணலி பக்கமிருந்து வரும் கரியும் லாரிப் புழுதியும் இலையில் படியும், வாரம் ஒரு முறை ஈரத்துணியால் துடையுங்கள். மாவுப்பூச்சி வந்தால் பஞ்சில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் போய்விடும். மழை மாதங்களில் மாலையில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மின்விசிறிக் காற்று ஓடட்டும்.

கத்திரி வெயிலில் புதுச் செடி வாங்க வேண்டாம். ஆடியில், சூடு தணிந்ததும் ஒரு குட்டை டென்ட்ரோபியமும் ஒரு லுடிசியாவும் வாங்குங்கள். மழைக்கு முன் வேர் பிடித்துவிடும். தை மாதத்தில் பிராசவோலா.

பழைய ஃபெலனாப்சிஸ் தொட்டியை இன்னும் தூக்கிப் போடவில்லை என்றால், ஒரு முறை பிரித்துப் பாருங்கள். குருத்து போயிருந்தாலும், இரண்டு வேர் கெட்டியாகவும் அடி இலை ஒன்று பச்சையாகவும் இருந்தால், அழுகியதைச் சுத்தமான கத்தியால் வெட்டிவிட்டு வெட்டிய இடத்தில் மட்டும் சமையலுக்குப் போடும் இலவங்கப்பட்டைத் தூள் தூவி, கரியில் வைத்து நிழலில் விடுங்கள். சில செடிகள் நாலைந்து மாதம் கழித்து அடியிலிருந்து ஒரு குட்டி விடும். என்னிடம் இருக்கும் வெள்ளைப் பூ அப்படி வந்ததுதான்.